எண்ணூர் குப்பத்து உறவுகளுக்கு நன்றி

குப்பத்து மக்களுக்கும், எங்கள் வீடுகளில் வந்து தங்கிப்போன பிள்ளைகளுக்கும் வணக்கம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் கொசஸ்தலையாற்றில் இறங்கியதே, அப்போது எங்கள் வலையும் படகும் கறுத்துப்போயின. எண்ணூர் மீன் என்றாலே வாங்க ஆளில்லை. ஆற்றைப் பார்க்க வந்த கல்லூரிப் பிள்ளைகள் நாலு பேர், "அக்கா, உங்க வீட்டிலேயே தங்கிக்கலாமா?" என்று கேட்டார்கள். மாடி அறையைக் கூட்டிப் பாய் விரித்தேன்.

என் முதல் நன்றி, முகத்துக்கு நேரே சண்டை போட்ட பக்கத்து வீட்டு அக்காவுக்கு. "ஆள் வந்தா உனக்குக் காசு. எங்களுக்கு? இறால் விலைதான் ஏறுது. கேக்காம போட்டோ வேற எடுக்கறாங்க" என்றார். அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை. அவர் சொன்னதில் பொய்யே இல்லை.

ஊர்க்கூட்டத்தில் பெரியவர்கள்தான் வழி சொன்னார்கள். ஆற்றில் வலை கட்டப் பாடு, அதாவது ஆளுக்கு ஒரு முறை என்று பிரிக்கிறோமே, அதுபோல விருந்தாளிக்கும் பாடு. இன்று ஐந்து வீடுகள் முறை வைத்துத் தங்கவைக்கிறோம். படம் எடுக்குமுன் கேட்க வேண்டும். சமையல் பொருள் எல்லாம் ஊருக்குள்தான். இறால் போடும் கூடையான பறியைப் பல்லில் கடித்தபடி தண்ணீருக்குள் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் அக்காக்களிடம் பேரம் கிடையாது. ஒருவர் ஒரு நாளைக்குத் தரும் 700 ரூபாயில் பாதிக்கு மேல் அன்றைக்கே இட்லி ஆயா, ஆட்டோ அண்ணன், முகத்துவாரம் வரை படகு ஓட்டும் சித்தப்பா என்று கைமாறிவிடுகிறது. பிள்ளைகள் லாட்ஜில் தங்கியிருந்தால் இந்தக் காசு குப்பத்துக்குள் நுழைந்திருக்காது.

மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் ஹோம்ஸ்டே, அதாவது வீட்டிலேயே விருந்தாளியைத் தங்கவைக்கும் விதிகளை வரிவரியாகப் படித்துச் சொன்ன தங்கைக்கும் நன்றி. ஆறு அறைக்கு மேல் கூடாதாம், வீட்டுக்காரர் குடும்பத்தோடு அங்கேயே குடியிருக்க வேண்டுமாம். என் வீட்டில் இருப்பது ஒரே அறை!

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். இது ஆற்றுக்கு ஈடில்லை. மாதத்தில் பத்து நாள் ஆள் வந்தாலே அதிகம். என் வீட்டுக்காரர் இன்னமும் விடியலில் வலைக்குத்தான் போகிறார். பிள்ளைகள் பார்க்க வருவதும் அந்த ஆற்றைத்தானே? அதைச் சுத்தமாக வைக்கச் சொல்லி மனு எழுதித் தந்தீர்களே, அதற்கும் நன்றி.

கழிவறை கட்ட மகளிர் குழு தந்த கடனில் கடைசித் தவணையைப் போன வாரம் கட்டிவிட்டேன். அடுத்த பாடு பக்கத்து வீட்டு அக்காவுடையது. நண்டு அவரே சமைக்கிறார்.

அன்புடன்,
மாடி வீட்டு அக்கா