முறைப்பாட்டை நிர்வாகமே செய்யட்டும்

வடக்கின் வைத்தியசாலைகளை நிர்வகிக்கும் மதிப்புக்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். போன கிழமை இரவு எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவில் நடந்தது இதற்குள் அறிக்கையாக உங்கள் மேசைக்கு வந்திருக்கும். மோட்டார் சைக்கிளில் விழுந்த பொடியனோடு வந்த கூட்டம் கண்ணாடியை உடைத்ததையும், எங்கள் சுகாதார உதவியாளர் அக்காவைக் கன்னத்தில் அறைந்ததையும் திரும்ப எழுதவில்லை. அந்த நேரம் உள்ளே ஒருவரின் நெஞ்சை அழுத்தி உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தோம். அது அறிக்கையில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

நான் எழுத வந்தது அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றி. “விருப்பமெண்டால் நீங்கள் போய் பொலிஸில முறைப்பாடு குடுங்கோ” என்று அக்காவிடம் சொல்லப்பட்டது. போனார், தன்னுடைய லீவில். வீட்டு விலாசம் கேட்டார்கள், கொடுத்தார். பின்னேரமே அடித்தவனின் மாமனும் பெரியம்மாவும் நெஸ்டமோல்ட் பேணியும் அப்பிள் பையுமாக வாசலில் நின்றார்கள். “பொடியன் வெளிநாடு போக அலுவல் பாக்கிறான், பொலிஸ் ரிப்போர்ட் பழுதாப் போடும், நீங்களும் ஒரு தாய்தானே.” மறுத்துவிட்டு எங்கே போவது? அதே கோயில், அதே சந்தை, பிள்ளைகளுக்கும் அதே பள்ளிக்கூடம். கடமை முடிந்து இருட்டில் தனியே சைக்கிளில் வருவதும் அவர்கள் வீட்டு ஒழுங்கையால்தான். அக்கா முறைப்பாட்டை வாபஸ் வாங்கினார். கோப்பில் ‘சுமுகமாக முடிந்தது’ என்று எழுதியிருப்பார்கள்.

அறை விழுந்தது கடமையில் இருந்த அரச ஊழியருக்கு. தண்டனைச் சட்டக்கோவையில் அது தனிக்குற்றம். உடைந்த கண்ணாடி அரச சொத்து, அதற்கு 1982இல் இருந்தே சட்டம் இருக்கிறது. கண்ணாடிக்காக நிர்வாகமே விடிவதற்குள் முறைப்பாடு செய்துவிட்டது. கண்ணாடிக்குக் கிடைத்த அந்த மரியாதையை அக்காவுக்கும் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

நோயால் கை ஓங்குபவர்களில் எங்களுக்குக் கோபமில்லை. சீனி இறங்கியவர், தலையில் அடிபட்டவர், குடியைத் திடீரென்று நிறுத்தி நடுக்கமும் பிதற்றலுமாக வருபவர் எங்களைக் கடித்தாலும் பார்க்கிறோம், அது எங்கள் வேலை. ஃபோனில் லைவ் போட்டபடி தூசணத்தால் ஏசுகிறவருக்கு எந்த மருந்தை ஏற்றுவது?

1987இல் யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரிக்குள் கொல்லப்பட்ட வைத்தியர்களுக்கும் தாதியருக்கும் ஊழியருக்கும் ஒவ்வொரு ஒக்டோபரிலும் விளக்கேற்றுகிறோம். அங்கே அர்ப்பணிப்பைப் பற்றி அழகாகப் பேசுகிறார்கள். உயிரோடு இருக்கிற ஊழியருக்கு மட்டும் “கொஞ்சம் அனுசரிச்சுப் போங்கோ”. 2022க்குப் பிறகு இத்தனை வைத்தியர்கள் ஏன் நாட்டை விட்டுப் போனார்கள் என்று கூட்டம் வைத்து வேறு யோசிக்கிறீர்கள். இரவுக் காவலுக்கு எங்களுக்கு இருப்பவர் ஓய்வு பெறும் வயதைக் கடந்த ஓர் ஐயா. கையில் ஒரு டோர்ச். சரி, அதை வேறு மடலில் எழுதுகிறேன்.

பணிவாகக் கேட்பது ஒன்றுதான். ஊழியர் மீது கை வைத்தால் முறைப்பாட்டை நிர்வாகமே, வைத்தியசாலை விலாசத்திலேயே செய்யட்டும். வழக்குத் தவணைக்குப் போகும் நாளைக் கடமை நாளாகக் கணியுங்கள். சமாதானம் பேச வருபவர்கள் எங்கள் வீட்டுக்கு வராமல் உங்கள் அலுவலகத்துக்கு வரட்டும். பேணியையும் அங்கேயே கொடுக்கட்டும்.

அடுத்த மாத இரவுக் கடமைப் பட்டியல் போடுவதற்கு முன் இதைச் சுற்றறிக்கையாக அனுப்பினால் நன்றியுடையவர்களாக இருப்போம்.

இப்படிக்கு,
தாதி உத்தியோகத்தர் ஒருவர்,
யாழ்ப்பாணம்.