அந்த 0.0 எங்கள் பால் அல்ல

பால் சொசைட்டிக்குக் கணக்கு மென்பொருள் எழுதித் தந்த நிறுவனத்தாருக்கு,

வணக்கம். கேரளாவில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். பாலின் கொழுப்பு அளவு உங்கள் திரையில் 0.0 என்று விழுவதைப் பற்றி எங்கள் சங்கம் அனுப்பிய புகார்கள் உங்களிடம் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் வந்த பதில், கம்ப்யூட்டரை அணைத்துப் போடுங்கள் என்பதுதான்.

போன திங்கட்கிழமை காலை என் பெரியம்மா முதல் ஆளாக நாலு லிட்டர் ஊற்றினார். பாலைச் சோதிக்கும் அனலைசரில் கொழுப்பு 4.2. உங்கள் திரையில் 0.0. சீட்டும் அப்படியே வந்தது. வரிசையில் நின்றவர்கள் பார்க்க, "ஒரு சொட்டுத் தண்ணி கலக்கலீங்க" என்று செயலாளரிடம் கையைக் கூப்பினார். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அந்தச் சங்கத்துக்குப் பால் ஊற்றுகிறவர். அந்தக் கூப்பிய கைதான் இந்த மடலை எழுத வைத்தது.

கோயம்புத்தூரில் எனக்கும் டபிள்யூ.பி.எஃப். வேலைதான், விண்டோஸ் திரைகள் கட்டும் அதே மைக்ரோசாஃப்ட் கருவி. செயலாளரிடம் கேட்டுக்கொண்டு, மறுநாள், ஓடுகிற திரையின் உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டும் ஸ்னூப் போட்டுப் பார்த்தேன். கொழுப்புக் கட்டத்தின் டேட்டா கான்டெக்ஸ்டில், அதாவது கட்டம் தகவல் எடுக்கும் இடத்தில், சரியான எண் வந்து உட்கார்ந்திருக்கிறது. திரையில் மட்டும் 0.0. திரை ஏறியதும் வரும் லோடட் நிகழ்வில் ஒரே தடவை வாசித்துவிட்டு விட்டுவிடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். அந்த நேரத்தில் டேட்டா கான்டெக்ஸ்ட் காலி. பழைய கம்ப்யூட்டர், தகவல் கொஞ்சம் பிந்தி வருகிறது. வந்த பிறகு யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மூடித் திறந்தால் சரியாவதும் இதனால்தான். டேட்டா கான்டெக்ஸ்ட் மாறும் நிகழ்வில் வாசியுங்கள், இல்லையென்றால் கட்டத்தைத் தகவலோடு இணைக்கும் பைண்டிங்கை முறையாகப் போடுங்கள். பைண்டிங் தவறினாலும் டபிள்யூ.பி.எஃப். நின்றுபோகாது, நீங்கள் நிரல் எழுதும் விஷுவல் ஸ்டுடியோவின் அவுட்புட் ஜன்னலில் ஒரு வரி எழுதிவிட்டுப் பேசாமல் இருந்துவிடும். சங்கத்தில் அந்த ஜன்னல் ஏது? அதனால்தான் கேட்கிறேன்: தகவல் வராதபோது 0.0 காட்டாதீர்கள். கட்டத்தைக் காலியாக விடுங்கள், சீட்டு அடிக்க விடாதீர்கள்.

சீட்டைப் பற்றியும் ஒன்று. அதில் மலையாளமும் இங்கிலீஷும்தான். சித்தூர் தாலுகாவில் தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர். பெரியம்மா அன்றைக்குப் படித்தது அந்த 0.0 ஒன்றைத்தான். எங்கள் பாலுக்கு விலை போடும் காகிதம் எங்களுக்குப் புரிய வேண்டாமா?

சரி, அது அடுத்த வேலையாகவே இருக்கட்டும். முதலில் அந்த 0.0 போக வேண்டும். அடுத்த பட்டுவாடாவுக்கு முன் சரிசெய்து, திங்கட்கிழமைக் கணக்கையும் திருத்தித் தாருங்கள். நான் எடுத்து வைத்த ஸ்னூப் படங்கள் வேண்டுமென்றால் செயலாளரிடம் கேளுங்கள், அனுப்பி வைப்பார்.

இப்படிக்கு,
சங்க உறுப்பினர் வீட்டுப் பையன்