முயல் கறிக்கு விசில் கணக்கு உதவாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பின் சமையல் பக்கத்தில் முயல் கறிக் குழம்புக்கான குறிப்பு வந்திருந்தது. மசாலா அளவுகளில் குறையில்லை. ஆனால் ‘முயலைச் சிறு துண்டுகளாக வெட்டி, கோழியைப் போலவே குக்கரில் நான்கு விசில் விடவும்’ என்ற வரி, முதல் முறையாக முயல் வாங்குகிறவரின் கறியைக் கெடுத்துவிடும். சிறு துண்டு, கோழி, நான்கு விசில் என மூன்றுமே அதில் தவறு.

காட்டில் ஓடுவதையும் கூண்டில் வளர்வதையும் தமிழில் நாம் முயல் என்றே சொல்கிறோம். அடுப்பில் இரண்டும் வேறு. காட்டு முயலின் கறி கருஞ்சிவப்பாக, இறுகி, வாடையோடு இருக்கும். வளர்ப்பு முயலின் கறி வெளிர் சிவப்பு, வாடை மிகக் குறைவு. நெடுநேரம் கொதிக்கவிட்டு மசாலாவை அள்ளிப் போடும் பக்குவம் வேட்டைக் கறிக்கு ஏற்றது. அதை வளர்ப்பு முயலுக்குச் செய்தால் வாயில் மசாலாவும் சக்கையும்தான் மிஞ்சும். காட்டு முயலுக்குப் பல நாடுகளில் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது, அதை உரிக்கும்போது நோய் தொற்றும் அபாயமும் உண்டு. ஆகவே இங்கே சொல்வதெல்லாம் வளர்ப்பு முயலுக்கு மட்டும்.

முதல் சமையலுக்கு இளம் முயலே நல்லது. 10 முதல் 12 வாரம் ஆனது, உயிரோடு 2 முதல் 2.5 கிலோ இருக்கும். தோல், தலை, குடல் நீக்கினால் பாதி எடை, அதாவது 1 முதல் 1.3 கிலோ தேறும். நான்கு பேருக்குப் போதும். உரித்த உடலே 2 கிலோவுக்கு மேல் இருந்தால் அது வயதான முயல். சமைக்க இரண்டு மடங்கு நேரம் பிடிக்கும். ஈரலையும் பார்த்து வாங்க வேண்டும். வழவழப்பாக, ஒரே நிறமாக இருந்தால் சரி. வெள்ளைப் புள்ளிகளோ கட்டிகளோ தெரிந்தால் அந்த முயலே வேண்டாம். ஈரலோடு ஒட்டியிருக்கும் பச்சை நிறப் பித்தப்பையைக் கிழியாமல், சுற்றியுள்ள கொஞ்சம் சதையோடு சேர்த்து வெட்டி எறிய வேண்டும். அது உடைந்து பட்ட இடமெல்லாம் கசக்கும்.

அறுத்து ஓரிரு மணி நேரத்தில் உடல் விறைக்கத் தொடங்கும். அந்த விறைப்பில் சமைத்தால் எவ்வளவு வேகவைத்தாலும் கறி முரடாகவே இருக்கும். மூடிய பாத்திரத்தில் 24 மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு எடுத்தால் தசை தளர்ந்துவிடும். சமைக்காமல் இரண்டு நாளுக்கு மேல் வைக்கக் கூடாது.

இனி வெட்டுதல். முயல் எலும்பு மெல்லியது, வெட்டுக்கத்தியால் ஓங்கிப் போட்டால் கண்ணாடிபோல் சில்லு சில்லாகத் தெறிக்கும். அந்தச் சில்லுகள் கழுவினாலும் போகாது. கூர்மையான சிறிய கத்தியும் நல்ல கத்தரியும் போதும். முன்கால் உடம்போடு எலும்பால் இணைந்திருப்பதில்லை. காலைத் தூக்கிப் பிடித்து, தோள்பட்டை எலும்புக்கு அடியில் கத்தியை ஓட்டினால் தனியே வந்துவிடும். பின்தொடையை வெளிப்பக்கமாக மடக்கினால் இடுப்பு மூட்டு விலகும். அந்த இடைவெளியில் அறுக்கலாம். கடைசி விலாவுக்குப் பின்னால் குறுக்கே வெட்டி நெஞ்சுப் பகுதியைப் பிரிக்க வேண்டும். விலாவுக்கும் இடுப்புக்கும் நடுவில் மிஞ்சுவது முதுகுக்கறி. அதன் மேலுள்ள வெள்ளிபோல் மின்னும் சவ்வைக் கத்தி நுனியால் உரித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் சூட்டில் சுருங்கித் துண்டையே வளைத்துவிடும். பிறகு முதுகெலும்புக் கணுக்களுக்கு நடுவே கத்தரியால் மூன்று துண்டாக்கலாம். வயிற்றுச் சதை மடல்களையும் எறிய வேண்டாம், கால்களோடு சேர்த்து வேகவைக்கலாம். கழுத்து, இடுப்பெலும்பு, நெஞ்சுக்கூடு ஆகியவற்றை ஒன்றரை லிட்டர் தண்ணீரில் ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு, துணியில் வடிகட்டினால் குழம்புக்கான சாறு தயார்.

கோழிக்கும் முயலுக்கும் உள்ள வேறுபாடு கொழுப்பில் இருக்கிறது. கோழிக்குத் தோலும் அதனடியில் கொழுப்பும் உண்டு. முயலைத் தோலுரித்துத்தான் சமைக்கிறோம். சதையிலும் கொழுப்பு சொற்பம். வடதுருவத்தை ஒட்டிய நாடுகளில் முயலை மட்டுமே தின்று குளிர்காலத்தைக் கழிக்கப் பார்த்தவர்கள் வயிறு நிறையத் தின்றும் மெலிந்து நோயில் விழுந்தார்கள். அதற்கு ‘முயல் பட்டினி’ என்றே பெயர். ஆகவே எண்ணெயில் சிக்கனம் பார்க்கக் கூடாது. ஒரு முயலுக்கு 60 மில்லியாவது வேண்டும்.

கொழுப்பு இல்லாத கறியில் ஈரத்தைப் பிடித்து வைக்க உப்புநீர் உதவும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் உப்பு கரைத்து, துண்டுகள் மூழ்கும்படி நான்கு மணி நேரம் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். ஊறியபின் ஒருமுறை அலசி, துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். ஈரத்தோடு எண்ணெயில் போட்டால் சிவக்காது, வெந்துபோகும். குழம்பில் உப்பைப் பாதியாகக் குறைத்துக்கொள்ள வேண்டும், பலர் மறப்பது இதைத்தான். உப்புநீர் வேண்டாம் என்றால் 200 கிராம் தயிரும் 10 கிராம் உப்பும் பிசறி இரவு முழுவதும் வைக்கலாம். எலுமிச்சைச் சாற்றிலோ வினிகரிலோ அவ்வளவு நேரம் ஊறவிட்டால் மேல்சதை மாவுபோல் உதிரும்.

அடுப்பில் ஏற்றும்போது ஒன்றை மறக்கக் கூடாது. ஒரே முயலுக்குள் இரண்டு வகைக் கறி இருக்கிறது. முதுகுக்கறி மென்மையானது, 15 முதல் 20 நிமிடத்தில் வெந்துவிடும், மேலே போனால் சக்கை. கால்களில் தசைகளைப் பிணைக்கும் இணைப்புத் திசு அதிகம். அது மெல்ல உருகிப் பசைபோலாக ஒரு மணி நேரமாவது ஆகும். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு நான்கு விசில் விட்டால் முதுகு உதிர்ந்துபோகும், தொடை எலும்பை விடாது.

அடி கனமான பாத்திரத்தில் எண்ணெய் காய்ந்ததும் துண்டுகளை இரண்டு மூன்று தடவையாக, நடுத்தரத் தீயில் பக்கத்துக்கு மூன்று நிமிடம் சிவக்கவிட்டு எடுத்து வைக்கவும். அதே எண்ணெயில் 250 கிராம் வெங்காயத்தைச் சுருள வதக்கி, இஞ்சி பூண்டு, மசாலா சேர்த்துப் பச்சை வாடை போனதும் கால்களையும் வயிற்று மடல்களையும் மட்டும் போட்டு, சூடான சாறு அரை லிட்டர் ஊற்றவும். கறி பாதி மூழ்கினால் போதும். மூடிபோட்டு மிகக் குறைந்த தீயில், ஓரத்தில் மட்டும் குமிழி வரும்படி 50 நிமிடம். நடுவில் ஒருமுறை திருப்பிவிட வேண்டும். தளதளவென்று கொதித்தால் தசை சுருங்கி உள்ளிருக்கும் நீரைப் பிழிந்து தள்ளிவிடும். குழம்பில் மிதக்கும் கறியே வறண்டு போவது இப்படித்தான். பிறகு முதுகுத் துண்டுகளைச் சேர்த்து 15 நிமிடம். ஈரலைக் கடைசி நான்கு நிமிடத்தில் போடலாம். இறைச்சி வெப்பமானி உள்ளவர்கள் முதுகின் தடித்த இடத்தில் 71 டிகிரி செல்சியஸ் வந்துவிட்டதா என்று பார்க்கலாம். இறக்கியபின் அரை மணி நேரம் குழம்பிலேயே மூடி வைத்தால் கறி கொஞ்சம் சாற்றை மீண்டும் இழுத்துக்கொள்ளும். மறுநாள் இன்னும் ருசி.

கறி கடினமாக இருந்தால் உடனே ‘அதிகம் வெந்துவிட்டது’ என்று அடுப்பை அணைத்துவிடுகிறார்கள். தொடை ரப்பர்போல் இழுத்தால் இன்னும் வேகவில்லை என்று பொருள். கால் மணி நேரத்துக்கு ஒருமுறை பார்த்தபடி விட வேண்டும். பல்லில் நார் நாராக உதிர்ந்து தொண்டையில் அடைத்தால்தான் அதிகம் வெந்தது. அதற்கு மீட்சி இல்லை. பிய்த்து, கெட்டிக் குழம்பில் கூடுதல் எண்ணெயோடு பிரட்டிப் பரிமாறலாம். தொடையின் தடித்த இடத்தில் கத்தி நுனி தடையின்றி இறங்கினால், கணுக்கால் எலும்பிலிருந்து சதை மேலேறியிருந்தால், அதுதான் பதம்.

குக்கர்தான் வேண்டுமென்றால் கால்களை மட்டும் போட்டு, முதல் விசிலுக்குப் பிறகு தீயைக் குறைத்து 12 நிமிடம். வயதான முயலுக்கு 25. ஆவி தானாக அடங்கும்வரை திறக்கக் கூடாது. முதுகுக்கறி அப்போதும் திறந்த குழம்பில்தான்.

நேரமும் தீயும் தவறினால் ருசிதான் போகும். சிறு துண்டு அப்படியல்ல: விலா, முதுகு எலும்புகளின் சில்லுகள் குழம்பில் கண்ணுக்குத் தெரியாது, குழந்தைகளின் தொண்டையில் சிக்கும். மற்றதற்கு இடமில்லாவிட்டாலும், ‘மூட்டில் பிரிக்கவும், குழந்தைகளுக்குத் தொடைச் சதையை எலும்பிலிருந்து பிய்த்துக் கொடுக்கவும்’ என்ற திருத்தத்தை மட்டும் அடுத்த ஞாயிறே வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சமையல் பக்கத்தின் வாசகர்