அந்தப் பிள்ளையோட பின்னல அவுக்கச் சொன்னது தப்பு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் நியூ ஜெர்சில 14 வருஷமா இருக்கேன், உங்க பேப்பர தினமும் ஃபோன்ல படிப்பேன், ஆனா இதுவரைக்கும் ஒரு கடிதம் கூட எழுதினதில்ல. இப்ப எழுதறதுக்குக் காரணம் என் பொண்ணோட பாலே டான்ஸ் கிளாஸ்ல நடந்த ஒரு விஷயம், அதைவிட அதுக்கப்புறம் எங்க தமிழ் அம்மாக்கள் வாட்ஸ்அப் குரூப்ல வந்த பேச்சு.

என் பொண்ணுக்கு 8 வயசு. அவ கிளாஸ்ல கறுப்பினப் பிள்ளை ஒருத்திதான், அவதான் இவளுக்கு உயிர்த் தோழி. போன ஜூன்ல ரிசைட்டல், அதாவது பிள்ளைங்க ஸ்டேஜ்ல ஆடிக் காட்டற நிகழ்ச்சி. அதுக்கு ஒரு வாரம் முன்னாடி அந்தப் பிள்ளையோட அம்மா ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க உக்காந்து, காலைல ஆரம்பிச்சு மத்தியானம் மூணு மணி வரைக்கும், தலை முழுக்க சின்னச் சின்னதா பின்னல் போட்டு விட்டிருந்தாங்க, வகிடு ஒவ்வொண்ணும் ஸ்கேல் வெச்சுக் கோடு போட்ட மாதிரி இருந்துச்சு. டிரெஸ் ரிகர்சலுக்கு அந்தப் பின்னல் எல்லாத்தையும் சேத்து அழகா கொண்டை போட்டு, மேல நெட்டும் போட்டுத்தான் கூட்டிட்டு வந்தாங்க. டீச்சர் பாத்துட்டு எல்லார் முன்னாடியும், இது சரிவராது, மத்த பிள்ளைங்க மாதிரி ஜெல் போட்டு வழவழன்னு ஒட்ட வாரிட்டு வரணும், இல்லன்னா கடைசி வரிசைலதான் நிக்கணும்னு சொல்லிட்டாங்க. பிள்ளை தலையக் குனிஞ்சுக்கிட்டுப் போய் கடைசி வரிசைல நின்னுச்சு. அவங்க அம்மா ரொம்ப நிதானமா, கொண்டை கொண்டையாத்தானே இருக்கு, சுத்தினாலும் ஒரு முடி கலையாதேன்னு கேட்டாங்க. பதில் இல்ல. லாபில நாங்க பன்னெண்டு பேர் உக்காந்திருந்தோம், அதுல நாலு பேர் தமிழ், ஒருத்தர் கூட வாயத் திறக்கல, நானும்தான்.

திரும்பி வரப்ப கார்ல என் பொண்ணு கேட்டா, "அம்மா, அவ முடி அழுக்கா?" அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல.

குரூப்ல இதப் போட்டேன். ரூல்னா ரூல்தானேன்னு ஒருத்தங்க. நம்ம ஊர்ல ஸ்கூலுக்கு ரெட்டை ஜடை போடலன்னா வெளிய நிக்க வைக்கலியா, அதுமாதிரிதான்னு இன்னொருத்தங்க. இன்னும் ஒருத்தங்க "பரட்டையா" இருந்தா ஸ்டேஜ்ல நல்லாவா இருக்கும்னு கேட்டாங்க. அந்த வார்த்தைதான் என்னால தாங்க முடியல. சுருட்டை முடி சோறு போடும்னு எங்க அப்பத்தா சொல்லும், என் முடி சுருட்டைன்னு அவ்வளவு பெருமை அதுக்கு. நம்ம வீட்ல இருந்தா சுருட்டை, அந்தப் பிள்ளை தலைல இருந்தா பரட்டையா?

அந்த முடியப் பத்தி அவங்க அம்மாகிட்டதான் நான் தெரிஞ்சுக்கிட்டேன். ஸ்பிரிங் மாதிரி நெருக்கமா சுருண்ட முடில தலையோட எண்ணெய்ப் பசை நுனி வரைக்கும் இறங்காது, அதனால சீக்கிரம் காஞ்சு போகும், தினம் சீப்பு போட்டா உடையும். பின்னிப் போட்டா சில வாரம் முடிய யாரும் தொட வேண்டாம், அது பாட்டுக்கு வளரும். அதாவது பின்னல் வெறும் ஸ்டைல் இல்ல, பராமரிப்பு. அத அவுத்து, ஜெல்ல அப்பி, பின்னாடி இறுக்கி இழுத்துக் கட்டு, வாரத்துக்கு மூணு கிளாஸ் இப்படியே வான்னா நெத்தியோரத்துல முடி கொட்ட ஆரம்பிக்கும், தொடர்ந்து இழுத்துக்கிட்டே இருந்தா வேர் செத்துப் போய் அப்புறம் முளைக்காமலே போயிடலாம்னு தோல் டாக்டருங்க சொல்றாங்க. இன்னொரு வழி கெமிக்கல் போட்டு முடிய நேராக்கறது. அவங்க அம்மாவுக்கு 9 வயசுல டான்ஸுக்காக அப்படிப் போட்டு விட்டாங்களாம், மண்டைத் தோல் வெந்து போன தழும்பு இன்னும் இருக்குன்னு காட்டினாங்க. வருஷத்துக்கு நாலு தடவைக்கு மேல அந்த மாதிரி கெமிக்கல் யூஸ் பண்ற பெண்களுக்கு கர்ப்பப்பை புற்றுநோய் ரிஸ்க் ரெண்டு மடங்குக்கு மேல இருந்துச்சுன்னு அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தோட ஆய்வு ஒண்ணு 2022ல வந்திருக்கு. 8 வயசுப் பிள்ளைய ரெண்டு நிமிஷ டான்ஸுக்காக அந்தப் பக்கம் தள்ளலாமா?

ரூல் ரூல்னு சொல்றவங்களுக்கு இந்த மாநிலத்தோட ரூலையும் சொல்றேன். 2018 டிசம்பர் 19, இதே நியூ ஜெர்சில பியூனாங்கற ஊர்ல ஒரு ஸ்கூல் மல்யுத்தப் போட்டி. 16 வயசுக் கறுப்பினப் பையனப் பாத்து, சடைமுடிய வெட்டு இல்லன்னா தோத்ததா எழுதிடுவேன்னு ரெஃபரி சொல்லி, எல்லார் கண் முன்னாடியும் கத்திரிக்கோல் போட்டு வெட்டினாங்க. அந்த வீடியோவ ஊரே பாத்துச்சு. சரியா ஒரு வருஷம் கழிச்சு, 2019 டிசம்பர் 19ல, இங்க கிரவுன் சட்டம் கையெழுத்தாச்சு. கலிஃபோர்னியாதான் முதல்ல, அதே வருஷம் ஜூலைல கொண்டு வந்துச்சு. முடியோட தன்மை, பின்னல், சடை, முடிய முறுக்கி விடறது, இதெல்லாம் இனத்தோட சேந்தது, இத வெச்சு பாகுபாடு காட்டினா அது இனப் பாகுபாடுதான்னு சட்டம் சொல்லுது. ஸ்கூல், ஆபீஸ் மட்டுமில்ல, காசு வாங்கிட்டு பொதுமக்களுக்குக் கதவு திறந்து வெச்சிருக்கிற இடங்களுக்கும் நியூ ஜெர்சி சட்டம் பொருந்தும். நாடு முழுக்க ஒரே சட்டமா கொண்டு வர முயற்சி பண்ணாங்க, 2022 மார்ச்ல பிரதிநிதிகள் சபைல பாஸாகி செனட்ல நின்னு போச்சு, அது வேற வருத்தம்.

பாலேன்னா காலங்காலமா இப்படித்தான்னும் சொல்றாங்க. வெள்ளைத் தோலோட ஒத்துப் போற பிங்க் டைட்ஸையும் (கால ஒட்டிப் போடற உறை) பிங்க் ஷூவையும் கூட அப்படித்தான் சொன்னாங்க. நியூயார்க் சிட்டி பாலேல முதல் கறுப்பின முதன்மை நடனக் கலைஞரா இருந்த ஆர்தர் மிட்செல், மார்ட்டின் லூதர் கிங்கச் சுட்டுக் கொன்னப்புறம் 1969ல நியூயார்க்ல கறுப்பின மக்கள் அதிகமா இருந்த ஹார்லெம்லயே ஒரு பாலே கம்பெனிய ஆரம்பிச்சாரு. 1970கள்லயே அங்க அவங்கவங்க தோல் நிறத்துக்கு டைட்ஸும் ஷூவும் போட்டு ஆடினாங்க, பாலே ஒண்ணும் கெட்டுப் போகல. ஆனா கடைல பிரவுன் கலர் ஷூ கிடைக்கிறது அவ்வளவு சுலபமா இல்ல, லண்டன்ல ஃப்ரீட் மாதிரி பெரிய கம்பெனியே 2018லதான் கறுப்பின, ஆசிய டான்ஸர்களுக்குன்னு போட ஆரம்பிச்சுது. அதுவரைக்கும் பிங்க் ஷூவுக்கு மேல மேக்கப்பப் பூசிப் பூசித்தான் ஆடியிருக்காங்க. டைட்ஸ மாத்த முடிஞ்சுது, ஷூவ மாத்த முடிஞ்சுது, தலையோட பொறந்த முடிய மட்டும் ஏன் ஏத்துக்க முடியல? கழுத்து தெரியணும், சுத்தும்போது கண்ணுல முடி விழக்கூடாது, கொண்டைக்குக் காரணம் இதுதான்னா அந்தப் பிள்ளையோட கொண்டை ரெண்டையும் செஞ்சுது.

என் பொண்ணு பரதநாட்டியமும் கத்துக்கறா. அங்கயும் முடிக்கு ரூல் இருக்கு, இல்லன்னு சொல்லல. அவளுக்குத் தோள் வரைக்கும்தான் முடி, டீச்சர் சவுரி வெச்சுப் பின்னி, குஞ்சலம் கட்டி, பூ சுத்தி விட்டுடுவாங்க, ஆடி முடிச்சதும் கழட்டி டப்பால வெச்சுடுவோம். உன் முடி சரியில்ல, வேற மாதிரி ஆக்கிட்டு வான்னு அவகிட்ட ஒருத்தரும் சொன்னதில்ல. அது எவ்வளவு பெரிய நிம்மதின்னு இந்த விஷயம் நடந்தப்புறம்தான் எனக்கு உறைச்சுது.

இந்த வருஷ ரிசைட்டல் ஃபார்ம் போன வாரம் வந்துச்சு. அதே வரி அப்படியே இருக்கு, முடி ஒட்ட வாரியிருக்கணும், பின்னல் கூடாது. நான் கையெழுத்துப் போடல. சட்டத்தோட காப்பிய வெச்சு ஸ்டுடியோவுக்கு மெயில் போட்டேன், அந்தப் பிள்ளையோட அம்மாகிட்ட மொதல்ல கேட்டுட்டுத்தான் போட்டேன், போன வருஷம் வாய மூடிட்டு இருந்ததுக்கு மன்னிப்பும் கேட்டேன். வர்ற சனிக்கிழமை காலைல பேரன்ட்ஸ் மீட்டிங்ல பேசலாம்னு பதில் வந்திருக்கு. எங்க ஸ்டுடியோவுக்குப் பிள்ளைங்கள அனுப்பற தமிழ்க் குடும்பங்கள்ல பல பேர் இந்தப் பேப்பர் படிக்கிறவங்கன்னு எனக்குத் தெரியும். தயவு செஞ்சு அன்னிக்கு வாங்க, அந்த அம்மாவ மறுபடியும் தனியா நிக்க விட்டுடாதீங்க.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
நியூ ஜெர்சி