அந்த ரவுண்டானாவில் ஒரு மணி நேரம் நிறுத்துங்கள்

தாய்லாந்தின் புக்கெட் தீவுக்குக் குழு அழைத்துச் செல்லும் தமிழ்நாட்டுச் சுற்றுலா அமைப்பாளர்களுக்கு,

வணக்கம்.

புக்கெட் விமான நிலையத்திலிருந்து பட்டோங் கடற்கரைக்குப் போகும் உங்கள் பேருந்து வழியில் ஒரு ரவுண்டானாவைச் சுற்றிப் போகும். நடுவே உயரமான மேடையில் வாள் ஏந்திய இரண்டு பெண்களின் சிலை நிற்கிறது. வழிகாட்டி மைக்கைத் தட்டிச் சரிபார்த்து, "இந்த ஊர் வீராங்கனைகள்" என்று சொல்லி முடிப்பதற்குள் சிலை பின்னால் போய்விடும். அங்கிருந்து நடந்து போகும் தூரத்தில்தான் தலாங் தேசிய அருங்காட்சியகம் இருக்கிறது. உள்ளே ஆள் உயரத்துக்கும் மேலாக, கல்லில் வடித்த திருமால் ஒருவர் நிற்கிறார். நம் பல்லவர் காலச் சிற்பங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அவரை அடையாளம் சொல்ல யாரும் தேவையில்லை. ஒவ்வொரு முறையும் நாற்பது தமிழர்களை ஏற்றிக்கொண்டு அவர் வாசலைத் தாண்டித்தான் போகிறீர்கள்.

போன ஆண்டு அம்மாவைக் கூட்டிக்கொண்டு அப்படி ஒரு ஐந்து நாள் பயணத்தில் நானும் போனேன். எந்த நிறுவனம் என்பது முக்கியமில்லை. பிறகு விசாரித்ததில், பலருடைய அட்டவணையும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருக்கிறது: பீ பீ தீவு, ஜேம்ஸ் பாண்ட் தீவு, ஒரு இரவுக் காட்சி, முந்திரிக் கடை, நகைக் கடை. கடைசி நாளில் 'கோயில் தரிசனம்' என்று வாட் சலோங். அதற்கு ஒதுக்கியது இருபத்தைந்து நிமிடம். நகைக் கடையில் நாங்கள் இருந்தது ஒன்றரை மணி நேரம்.

வாட் சலோங்கில் என்ன நடந்தது என்று சொல்லியாக வேண்டும். அங்கே வாசலில் தாமரை மொட்டு, மெழுகுவத்தி, மூன்று ஊதுவத்தி, ஒரு சின்னத் தங்கத் தாள் எல்லாம் சேர்த்துக் கொடுப்பார்கள். அந்தத் தங்கத் தாள் இரண்டு காகிதங்களுக்கு நடுவே கட்டைவிரல் நகம் அளவுக்கு இருக்கும். விரலால் தொட்டால் விரலில் ஒட்டிக்கொள்ளும், மின்விசிறிக் காற்றுப் பட்டால் பறந்துவிடும். காகிதத்தோடு சிலையில் வைத்து அழுத்தி, மெதுவாகத் தேய்த்து, பிறகு காகிதத்தை உரிக்க வேண்டும். அம்மா பக்கத்தில் நின்ற ஒரு தாய்லாந்துப் பாட்டியைப் பார்த்தே இதைக் கற்றுக்கொண்டார். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழியும் இல்லை. பாட்டி அம்மாவின் கையைப் பிடித்து இப்படி, இப்படி என்று காட்டிக்கொண்டிருந்தபோது வெளியே எங்கள் வழிகாட்டி கைதட்டிக் கூப்பிட ஆரம்பித்தார். அம்மா தாளை ஒட்டவில்லை. மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டார். பேருந்தில் உட்கார்ந்த பிறகு, "சாமி கும்பிடக்கூட விடலையே" என்று ஒரே ஒரு தடவைதான் சொன்னார். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

அம்மா தங்கம் ஒட்டப் போனது யாருக்கு என்றுகூட எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. நான் ஊர் திரும்பிப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். அவர் லுவாங் போ சேம், அந்தக் கோயிலின் தலைமைத் துறவியாக இருந்தவர். 1876-இல் புக்கெட்டின் வெள்ளீயச் சுரங்கங்களில் வேலை பார்த்த சீனத் தொழிலாளர்கள் கலகம் செய்தபோது, ஊர் மக்கள் ஓடி வந்து ஒதுங்கிய இடம் இந்தக் கோயில். அவர் கோயிலை விட்டுப் போகாமல் அவர்களோடு இருந்தார், காயம் பட்டவர்களுக்கு மருந்து கட்டினார். தாய்லாந்து மன்னர் ஐந்தாம் ராமா அவரை அழைத்துப் பட்டம் கொடுத்துச் சிறப்பித்தார். இந்த ஒரு கதையை மைக்கில் சொல்ல மூன்று நிமிடம் ஆகுமா? அப்புறம் வளாகத்தில் செங்கல் சூளை மாதிரி ஒரு கூண்டு இருக்கிறது. திடீர் திடீரென்று அதற்குள் சரவெடி வெடிக்கும். எங்கள் குழுவில் பாதிப் பேர் பயந்து ஒதுங்கினார்கள். வேண்டுதல் நிறைவேறியவர்கள் நன்றிக்கு வெடிக்கும் வெடி அது. சபரிமலையில் வெடி வழிபாடு பார்த்தவர்களுக்கு இதை ஒரு வார்த்தையில் விளக்கிவிடலாம்.

இந்த ஆண்டு நானும் அண்ணனும் தனியாகப் போய், ஒரு வேன் பேசிக்கொண்டு, விட்டுப்போனதையெல்லாம் பார்த்துவிட்டு வந்தோம். அந்த அனுபவத்தில்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். உங்களிடம் கேட்பது இரண்டு விஷயம்: வந்து இறங்கும் நாளில் ஒரு அரை நாள், நடுவில் ஒரு முழு நாள்.

அரை நாளுக்கு நீங்கள் பாதையைக்கூட மாற்ற வேண்டாம். விமான நிலையத்திலிருந்து வரும் அதே 402-ஆம் எண் சாலையை ஒட்டி, தலாங் ஊரில் வாட் ப்ரா தோங் இருக்கிறது. அங்கே புத்தர் மார்பளவுக்குத்தான் தரைக்கு மேலே தெரிகிறார், மீதி மண்ணுக்குள். ஒரு சிறுவன் சேற்றில் நீட்டிக்கொண்டிருந்த முளையில் எருமையைக் கட்டினான், எருமையும் அவனும் இறந்துபோனார்கள், அப்பாவின் கனவில் அது முளை அல்ல, புத்தரின் முடி என்று தெரிந்தது என்கிறது தலபுராணம். தோண்டி எடுக்க வந்தவர்களைக் குளவிகள் துரத்தினவாம். பசு பால் சொரிந்த புற்று, மண்வெட்டி பட்டு ரத்தம் வந்த லிங்கம் என்று கேட்டு வளர்ந்த நம் ஆட்களிடம் இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள். வேற்று ஊர்க் கோயில் என்ற எண்ணம் அந்த நிமிடமே போய்விடும்.

அங்கிருந்து வீராங்கனைகள் சிலை. 1785-இல் பர்மியப் படை தலாங்கை முற்றுகையிட்டபோது, ஆளுநர் இறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அவர் மனைவி சானும், சானின் தங்கை முக்கும் ஊரைத் திரட்டி எதிர்த்து நின்றார்கள். பெண்களுக்கு ஆண் வேடம் போட்டு, படை பெரிதாகத் தெரியும்படி செய்தார்கள் என்பது அந்த ஊர்க் கதை. பர்மியர்கள் திரும்பிப் போனார்கள். மன்னர் இருவருக்கும் பட்டம் கொடுத்தார். இன்றும் அந்த வழியாகப் போகும் உள்ளூர் ஓட்டுநர்கள் கை கூப்பாமல் போவதில்லை. எங்கள் வேன் ஓட்டுநரும் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து நெஞ்சில் வைத்தார்.

பிறகு அருங்காட்சியகம். தாய்லாந்தில் தேசிய அருங்காட்சியகங்கள் பல திங்கள், செவ்வாயில் மூடியிருக்கும், அதைப் பார்த்து நாளை முடிவு செய்யுங்கள். அந்தத் திருமால் எங்கிருந்து வந்தார் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. புக்கெட்டுக்கு வடக்கே, கிட்டத்தட்ட இரண்டு மணி நேரப் பயணத்தில் தக்குவாபா என்ற பழைய ஊர். அங்கே ஆற்றங்கரையில் காவ் ப்ரா நாராய் என்றொரு குன்று. நாராயணர் குன்று என்றுதான் அதற்குப் பொருள். அந்தக் காட்டில் மரங்கள் சிலைகளைச் சுற்றி வளர்ந்து, வேரும் அடிமரமுமாக அணைத்துப் பிடித்திருந்தன. அங்கேதான் தமிழ்க் கல்வெட்டு ஒன்றும் கிடைத்தது.

ஆம், தமிழில். 9-ஆம் நூற்றாண்டு எழுத்து. கல் சிதைந்துபோனதால் வரிகள் முழுசாக இல்லை. இருந்தாலும் ஒருவர் தொட்ட குளம் என்றும், அதன் பெயர் அவனிநாரணம் என்றும் படிக்க முடிகிறது. தொட்ட என்றால் தோண்டிய. அவனிநாரணன் என்பது பல்லவ மன்னன் மூன்றாம் நந்திவர்மனின் பட்டப்பெயர். அந்தக் குளம் மணிக்கிராமத்தார்க்கும் சேனாமுகத்தார்க்கும் அடைக்கலம் என்று கல் சொல்கிறது. மணிக்கிராமத்தார் வணிகக் குழுவினர். சேனாமுகத்தார் அவர்களோடு வந்த காவல் படையாக இருக்கலாம். வரலாற்று அறிஞர் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி இந்தக் கல்வெட்டைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். நம்மூர் ஆள் ஒருவர் கடல் தாண்டிப் போய், அந்தக் காட்டில் ஒரு குளம் வெட்டி, தன் மன்னன் பெயரை வைத்து, அதைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கூட்டாளிகளிடம் ஒப்படைத்திருக்கிறார். சரக்கை இறக்கிவிட்டு அடுத்த காற்றில் திரும்பிப் போகிறவர் குளம் வெட்ட மாட்டார். அங்கே இருந்து குளித்து, குடித்து, கும்பிட்டு வாழ்ந்தவர்தான் வெட்டுவார்.

இந்த இடத்தில் ஒரு வேண்டுகோள். தயவு செய்து உங்கள் வழிகாட்டிகளை "இதெல்லாம் நம்ம ராஜா ஆண்ட ஊர்" என்று சொல்ல விடாதீர்கள். கல் அப்படிச் சொல்லவில்லை. ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் வரும் தலைத்தக்கோலம் இந்தத் தக்குவாபாதான் என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள், அந்தப் படையெடுப்பு வேறு கதை, இரண்டு நூற்றாண்டுக்குப் பிந்தியது. குளம் வெட்டியவரின் கதை வியாபாரிகளின் கதை. எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. தாய்லாந்து மக்கள் அந்தச் சிலைகளை இத்தனை காலம் கும்பிட்டு, இப்போது கூரை போட்டு வைத்திருக்கிறார்கள். விருந்தாளியாகப் போய் வீட்டுக்கு உரிமை கொண்டாடுவது நமக்கு அழகில்லை.

முழு நாளை இந்தத் தக்குவாபாவுக்குத் தாருங்கள். வழியில் காவ் லாக். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி மிக மோசமாகத் தாக்கிய இடங்களில் ஒன்று. கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே தூக்கி எறியப்பட்ட 813 என்ற ரோந்துப் படகை நினைவுச் சின்னமாக அங்கேயே வைத்திருக்கிறார்கள். இன்னும் வடக்கே பான் நாம் கெம் என்ற மீனவ ஊரில் ஒரு நினைவிடம். ஒரு பக்கம் அலை எழுந்து வளைவது போல ஒரு கான்கிரீட் சுவர், எதிரே பெயர்களும் படங்களும் பதித்த சுவர். இரண்டுக்கும் நடுவே நடந்து போக வேண்டும். அண்ணனும் நானும் நாகப்பட்டினம் பக்கம். எங்கள் மாவட்டத்தில் மட்டும் அன்று ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். அந்தச் சுவரில் ஒரு குழந்தையின் படத்துக்குக் கீழே யாரோ ஒரு பொம்மை லாரியை வைத்திருந்தார்கள், வெயிலில் சிவப்பு வெளுத்து ரோஸ் நிறமாகியிருந்தது. அண்ணன் அங்கிருந்து நகரவே இல்லை. நம் கடலோர மாவட்டங்களிலிருந்து ஒரு குழுவை அழைத்துப் போனால், இந்த இடத்தில் கைதட்டிக் கூப்பிடாதீர்கள்.

அந்த ஊர்ப் படகுத்துறையிலிருந்தே கோ கோ காவ் தீவுக்குப் படகு போகிறது. கொஞ்ச நேரப் பயணம்தான். தீவில் துங் துக் என்ற இடத்தில் பழைய துறைமுகத்தின் செங்கல் அடித்தளங்கள் இருக்கின்றன. சீனப் பீங்கான் ஓடுகள், கண்ணாடி, மணிகள் எல்லாம் தோண்டியபோது கிடைத்திருக்கின்றன. குளம் வெட்டியவர்கள் இறங்கிய கரை இதுவாகக்கூட இருக்கலாம். மத்தியானத்துக்கு மேல் தக்குவாபா பழைய தெருவில் நடந்துவிட்டுத் திரும்பினால் இரவுச் சாப்பாட்டுக்கு விடுதிக்கு வந்துவிடலாம்.

கிராபிக்கும் குழு எடுக்கிறவர்கள் என்றால் க்லோங் தோம் ஊர்க் கோயில் அருங்காட்சியகத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 'பெரும்பதன் கல்' என்று தமிழ்ப் பிராமியில் பொறித்த உரைகல் அந்தப் பகுதியில்தான் கிடைத்தது. உள்ளங்கைக்குள் அடங்கும் சின்னக் கல். 3 அல்லது 4-ஆம் நூற்றாண்டு. ஒரு தட்டார் தன் தொழில் கருவியில் தன் பெயரை எழுதி வைத்திருக்கிறார்.

புக்கெட்டின் பெரிய புத்தரைப் பற்றி உங்களுக்கே தெரியும். 2024 ஆகஸ்டில் அந்த மலைச் சரிவில் நிலம் சரிந்து உயிர்கள் போயின, அதன் பிறகு மூடினார்கள். திறந்திருக்கிறதா என்று விசாரிக்காமல் அட்டவணையில் அச்சடிக்காதீர்கள்.

கோயிலுக்குப் போவதற்கு முந்தின இரவே சொல்லிவிட வேண்டியவை கொஞ்சம் இருக்கின்றன. தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும்; எங்கள் குழுவில் அரைக்கால் சட்டையோடு வந்த மூன்று பேர் வெளியிலேயே நின்றார்கள், யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. உட்காரும்போது காலைப் புத்தர் பக்கம் நீட்டக் கூடாது. பெண்கள் துறவிகளைத் தொடக் கூடாது, எதையும் நேராகக் கையில் கொடுக்கவும் கூடாது. படிக்கட்டில் ஏறி சிலையைக் கட்டிப்பிடித்துப் படம் எடுப்பது அவர்களை எவ்வளவு புண்படுத்தும் என்பதை, கருவறைக்குள் செருப்போடு ஒருவர் வந்தால் நமக்கு எப்படி இருக்கும் என்று கேட்டுச் சொல்லுங்கள், புரிந்துகொள்வார்கள். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தில் 'ஜே' என்று தாய் மொழியில் எழுதிய கடை. அங்கே மீன் சாறுகூட இருக்காது, பூண்டு வெங்காயமும் இருக்காது. ஐந்து நாளும் பிரெட்டும் வாழைப்பழமுமாக ஓட்டிய அம்மாவுக்கு அந்த எழுத்தை யாராவது காட்டியிருக்கலாம்.

நேரம் இல்லை, செலவு கூடும் என்பீர்கள். நகைக் கடையில் ஒரு மணி நேரத்தைக் குறைத்தால் அருங்காட்சியகம் முடிந்துவிடும். தக்குவாபா நாளுக்குத் தனியாகக் கட்டணம் வையுங்கள். எல்லோரும் வர வேண்டியதில்லை, பத்துப் பேர் சேர்ந்தால் ஒரு வேன் போதும். கல்வெட்டு வரிகளைத் தமிழில் ஒரு பக்கத்தில் அச்சடித்துக் கையில் கொடுத்தால், வேனில் போகும்போதே அவர்கள் படித்துக்கொள்வார்கள்.

அப்படி ஒரு பயணம் போட்டால் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு பெயரை எழுதிக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி, வேனில் முன் இருக்கை வேண்டும். வாட் சலோங்கில் கொஞ்சம் கூடுதல் நேரமும் வேண்டும். அந்தத் தங்கத் தாள் மடித்த காகிதத்தோடு இன்னும் எங்கள் பூஜை அறையில்தான் இருக்கிறது.

அன்புடன்,
நாகப்பட்டினத்திலிருந்து ஒரு பயணி