சொகுசு ரயிலின் மாதிரியில் வண்ணம் கடைசி வேலை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் மாதிரி ரயில்கள் செய்யும் பொழுதுபோக்கைப் பற்றி வெளியான கட்டுரையை மகிழ்ச்சியுடன் படித்தேன். தமிழில் இத்துறையைப் பற்றி எழுதுவோர் அரிது என்பதால் கட்டுரையாளருக்கு முதலில் நன்றி கூறக் கடமைப்பட்டிருக்கிறேன். ஆனால், கடையில் வாங்கிய பயணிகள் பெட்டிகளுக்கு ஏற்ற வண்ணம் அடித்து, பெயர்ப்பட்டை ஒட்டிவிட்டால் அவை ராஜஸ்தானின் சொகுசு ரயிலான 'பேலஸ் ஆன் வீல்ஸ்' ஆகிவிடும் என்ற பொருளில் அவர் எழுதியிருப்பதை மட்டும் ஏற்க இயலவில்லை. அந்த வரியை நம்பிப் பணத்தைச் செலவழித்துவிட்டுப் பிறகு மனம் சோர்ந்து ஒதுங்குகிறவர்களை இந்த நீலகிரி மலையிலேயே பார்த்திருக்கிறேன்.

பெட்டியில் கை வைப்பதற்கு முன் முடிவு செய்ய வேண்டியது, எந்த ஆண்டின் ரயிலைச் செய்யப்போகிறோம் என்பதுதான். பேலஸ் ஆன் வீல்ஸ் என்ற ஒரே பெயரில் 1995 வரையிலேயே மூன்று வெவ்வேறு ரயில்கள் வந்துவிட்டன. 1982 ஜனவரி 26 அன்று தொடங்கப்பட்டது, சமஸ்தான மன்னர்களும் வைஸ்ராயும் பயன்படுத்திய, சலூன் எனப்படும் பழைய தனிச்சொகுசுப் பெட்டிகளைத் திரட்டி அமைத்த மீட்டர் கேஜ் ரயில், அதாவது ஒரு மீட்டர் இடைவெளியுள்ள தண்டவாளத்தில் ஓடுவது. 1991இல் அந்தப் பழம்பெட்டிகளுக்குப் பதிலாகக் குளிர்சாதன வசதியுடன் புதிய மீட்டர் கேஜ் பெட்டிகள் வந்தன. ராஜஸ்தானின் தடங்கள் அகலப்பாதையாக மாறத் தொடங்கியபின் 1995இல் மூன்றாவது ரயில் வந்தது. ஆல்வார், பரத்பூர், பிகானேர், பூந்தி என்று ராஜபுதன அரசுகளின் பெயர்களைத் தாங்கிய 14 சலூன்களும், மகாராஜா, மகாராணி என்ற இரண்டு உணவுப் பெட்டிகளும் கொண்டது அது. முதல் ரயிலின் படத்தைப் பார்த்து வண்ணம் அடித்து, மூன்றாம் ரயிலின் பெயர்களை எழுதி வைத்தால், அப்படி ஒரு ரயில் எந்தத் தண்டவாளத்திலும் ஓடியதில்லை.

இவற்றில் முதல் ரயில்தான் மிகவும் கடினமானது. அதன் பெட்டிகள் வெவ்வேறு அரண்மனைகளுக்காக, வெவ்வேறு காலங்களில் கட்டப்பட்டவை. ஒன்றின் ஜன்னல் வரிசை மற்றொன்றில் இராது. ஆகவே தயார்நிலைப் பெட்டிகளை மாற்றியமைப்பது என்ற பேச்சே அங்கு செல்லாது. ஒவ்வொரு பெட்டியின் சுவரையும் பிளாஸ்டிக் தகட்டில் புதிதாக வெட்ட வேண்டும். அதேசமயம் தண்டவாள அளவில் மட்டும் அது நமக்குச் சாதகமானது. எச்ஓ எனப்படும் 87இல் ஒரு பங்கு அளவில் மீட்டர் கேஜ் 11.5 மில்லிமீட்டர் ஆகிறது. சுவிட்சர்லாந்தின் மீட்டர் கேஜ் ரயில்களுக்காக ஐரோப்பாவில் விற்கப்படும் 12 மில்லிமீட்டர் தண்டவாளம் ஏறத்தாழ அதேதான். சக்கரங்களையும் அங்கிருந்தே பெற்றுக்கொள்ளலாம். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் மலை ரயிலின் சுவிஸ் இன்ஜின்களை அன்றாடம் பார்த்து வளர்ந்த நமக்கு இந்தத் தொடர்பு வியப்பளிக்காது.

பழைய சலூன் ஒன்றின் அளவுகளைக் கண்ணால் உணர விரும்பும் நீலகிரி வாசகர்கள் டெல்லி வரை போக வேண்டியதில்லை. கூடலூர், பந்திப்பூர் வழியாக மைசூருக்குப் போனால், 1979இல் தொடங்கப்பட்ட ரயில் அருங்காட்சியகத்தில் மைசூரு மகாராணியின் சலூனைப் பார்க்கலாம். அது பேலஸ் ஆன் வீல்ஸில் ஓடிய பெட்டி அல்ல. என்றாலும், ஜன்னலுக்கும் கூரைக்கும் இடையிலான உயரம், மரச்சட்டங்களின் கனம், படிக்கட்டின் அமைப்பு ஆகியவற்றைப் புகைப்படத்தில் ஊகிப்பதற்கும் அருகில் நின்று பார்ப்பதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. பெட்டிக்கு நேரெதிரே நின்று, பக்கவாட்டில் ஓர் அளவுகோலைச் சாய்த்து வைத்துப் படம் எடுத்துக்கொள்வது போதுமானது. அனுமதியை மட்டும் முன்னதாகக் கேட்டுக்கொள்வது நல்லது.

பெரும்பாலோர் செய்ய விரும்புவது அகலப்பாதை ரயிலைத்தான். 2004இல் வந்த நீலநிற டெக்கான் ஒடிஸி, 2008இல் வந்த ஊதாவும் பொன்னிறமும் கொண்ட கோல்டன் சாரியட் ஆகிய சொகுசு ரயில்களின் பெட்டிகள் சென்னைப் பெரம்பூரின் ஐ.சி.எஃப். தொழிற்சாலையில் கட்டப்பட்டவை என்பதால், அந்தத் தொழிற்சாலையின் வழக்கமான உடலமைப்பே இங்கு அடிப்படை. அப்பெட்டியின் உடல் நீளம் 21.337 மீட்டர், அகலம் 3.245 மீட்டர். எச்ஓ அளவில் இவை 245 மில்லிமீட்டரும் 37 மில்லிமீட்டரும் ஆகின்றன. கடைகளில் கிடைக்கும் ஐரோப்பியப் பெட்டிகளோ 26.4 மீட்டர் நீளமும் ஏறத்தாழ 2.8 மீட்டர் அகலமும் கொண்ட வண்டிகளின் மாதிரிகள். நீளத்தை அறுத்துக் குறைத்துவிடலாம். அகலத்தில் குறைகிற ஐந்து மில்லிமீட்டரை எந்த வண்ணமும் நிரப்பாது. இந்திய இன்ஜின் ஒன்றின் பின்னால் இணைத்த மாத்திரத்தில், அண்ணன் சட்டையைப் போட்டுக்கொண்ட தம்பியைப் போல அந்தப் பெட்டி ஒடுங்கித் தெரியும். இப்போதைய விரைவு ரயில்களில் ஓடும் எல்.எச்.பி. பெட்டிகளின் மாதிரிகளும் இதற்கு உதவா. அவற்றின் உடல் 23.54 மீட்டர் என்பதால், எச்ஓ அளவில் 25 மில்லிமீட்டர் கூடுதலாக நீளும்.

கட்டுரையாளர் குறிப்பிடாத ஒரு வழி இங்கு உண்டு. பிரிட்டிஷ் மாதிரிகள் 76இல் ஒரு பங்கு என்ற சற்றே பெரிய அளவில் செய்யப்படுகின்றன. ஆனால் ஓடுவதோ எச்ஓவின் அதே 16.5 மில்லிமீட்டர் தண்டவாளத்தில். பிரிட்டிஷ் ரயில்வேயின் 'மார்க் 1' பெட்டி, 64 அடி அளவிலான குட்டையான வண்டி. அந்தப் பெரிய அளவில் செய்யப்படும்போது அதன் மாதிரி நமக்குத் தேவையான நீளத்தைவிட ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் மட்டுமே கூடுதலாகவும், அகலத்தில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கே குறைவாகவும் அமைகிறது. போகியின், அதாவது பெட்டியின் அடியிலுள்ள சக்கரத் தொகுதியின், அச்சிடைத் தூரம்கூட, நமக்கு வேண்டிய 33 மில்லிமீட்டருக்கு ஒரு மில்லிமீட்டருக்குள் வந்து நிற்கிறது. தரைத்தளத்தையும் கூரையையும் நடுவில் அறுத்து ஒட்டி, இரண்டு போகிகளின் மையங்களுக்கு இடையே 170 மில்லிமீட்டர் வருமாறு நகர்த்தி அமைத்து, பழைய பக்கச்சுவர்களை நீக்கிவிட்டு அரை மில்லிமீட்டர் பிளாஸ்டிக் தகட்டில் வெட்டிய புதிய சுவர்களை வெளிப்புறமாக ஒட்டினால், குறைந்த அகலமும் தானாகவே சரியாகிவிடுகிறது. சக்கரங்களை மட்டும் 10.5 மில்லிமீட்டர் விட்டமுள்ளவையாக மாற்ற வேண்டும். அச்சுப்பெட்டிக்கு இருபுறமும் சுருள்வில் தெரியும் ஐ.சி.எஃப். போகியின் முகத்தைக் கொண்டுவர, பழைய போகியின் வெளிச்சட்டத்தைச் சீவிவிட்டு மெல்லிய செம்புக்கம்பியைச் சுற்றி ஒட்டுவதே நான் கையாளும் முறை.

வேலையில் கண்ணும் பொறுமையும் அதிகம் கேட்பவை ஜன்னல்கள். சாதாரண இருக்கைப் பெட்டியில் இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். சொகுசு ரயிலின் தங்கும் பெட்டியில் ஒருபுறம் அறைகளும் மறுபுறம் நடைவழியும் இருப்பதால், இரண்டு சுவர்களுக்கும் தனித்தனியே வரைபடம் போட வேண்டும். கோல்டன் சாரியட் 2008இல் வந்தபோது அதன் 11 தங்கும் பெட்டிகளில் மொத்தம் 44 அறைகள். அதாவது பெட்டிக்கு நான்கு அறைகள், ஒவ்வோர் அறைக்கும் ஒரு குளியலறை. குளியலறை ஜன்னல் மங்கல் கண்ணாடி என்பதால், உள்ளிருந்து உப்புத்தாளால் மிக இலேசாகத் தேய்த்த பிளாஸ்டிக்கை அங்கு வைத்தால் இயல்பாக இருக்கும். ஜன்னல் மூலைகளின் வளைவுக்கு முதலில் நான்கு மூலைகளிலும் துளையிட்டு, பிறகு துளைகளுக்கு இடையே கத்தியை ஓட்ட வேண்டும். நேர்மூலையாக வெட்டிவிட்டுப் பிறகு அரத்தால் வளைக்க முயன்றால் இரண்டு மூலைகள் ஒன்றுபோல் வாரா. உள்ளே விளக்குப் பொருத்துபவர்கள் பழைய இருக்கைகளை அகற்றாமல் விட்டால், அரச விருந்தினர்கள் மூன்றாம் வகுப்பு பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருப்பது ஊருக்கே தெரிந்துவிடும்.

கூரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. மேசைமேல் வைத்த மாதிரியை நாம் எப்போதும் மேலிருந்துதான் பார்க்கிறோம். ஆகவே நிலையத்தில் நின்று ரயிலைப் பார்ப்பவரின் கண்ணுக்குத் தப்பிவிடும் கூரை, மாதிரியில் முதலில் கண்ணில் படும் பகுதியாகிவிடுகிறது. குளிர்சாதனக் கருவி பெட்டியின் அடியில் தொங்குகிறதா, கூரையின் இரு முனைகளிலும் பதிந்திருக்கிறதா என்பதைத் தேர்ந்தெடுத்த ஆண்டின் படத்தைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். ரயில் முழுவதற்கும் மின்சாரம் தரும் ஜெனரேட்டர் பெட்டியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். விருந்தினர் எவரும் ஏறாத பெட்டி அது என்றாலும், பயணிகள் ஜன்னல் இல்லாமல், காற்றுப்போக்கிச் சட்டங்கள் நிறைந்த அந்த வண்டி இல்லாத ரயில், என் பார்வையில், அரைகுறை ரயிலே.

இத்தனையும் முடிந்த பிறகுதான் வண்ணம். குன்னூரில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையோடு மூடுபனியும் சேர்ந்து இறங்கும்போது, தின்னர் கலந்த லாக்கர் வண்ணத்தை ஸ்பிரே செய்தால், அது காய்வதற்குள் காற்றின் ஈரம் படிந்து மேற்பரப்பு வெளுத்துப் பூத்துவிடும். கோல்டன் சாரியட்டின் அடர்ந்த ஊதாவில் அந்த வெளுப்பு உடனே காட்டிக் கொடுக்கும். வெளிர்நிறப் பெட்டியில் ஓரளவு மறையும். பிரைமர் பூசுவதையும் வண்ணம் அடிப்பதையும் மாசி, பங்குனிக்கு ஒத்திவைத்து, மழைமாதங்களில் வெட்டும் வேலையையும் ஒட்டும் வேலையையும் செய்வது இங்குள்ள தட்பவெப்பத்துக்குப் பொருந்தும். பொன்னிறக் கோடுகளைத் தூரிகையால் இழுப்பதைவிட, டிகால் எனப்படும் ஒட்டுப்படத் தாளில் அச்சிட்டு ஒட்டுவதே சீராக அமைகிறது.

இவ்வளவு செய்தும் ஒரு குறை நிற்கும் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 1,676 மில்லிமீட்டர் அகலமுள்ள நமது அகலப்பாதை, எச்ஓ அளவில் 19 மில்லிமீட்டருக்குச் சற்று மேலாக இருக்க வேண்டும், 16.5 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் ஓட்டும்போது பெட்டியின் அடிப்பகுதி உண்மையைவிட ஒடுங்கித் தெரியும். சக்கரங்களையும் தண்டவாளத்தையும் தாமே செய்துகொள்ளும் வசதி உள்ளவர்கள் இதைச் சரிசெய்யலாம். மற்றவர்கள் இதை ஏற்றுக்கொள்வதில் இழுக்கு ஒன்றுமில்லை. ஆனால் பள்ளிக் கண்காட்சியிலோ கோடை விழாவிலோ வைக்கும்போது, எந்த ஆண்டின் ரயில், எந்த அளவு, தண்டவாளம் மட்டும் பொருந்தாதது என்று ஓர் அட்டையில் எழுதி வைத்துவிட்டால், அதைப் பார்க்கும் சிறுவர்கள் தவறான உருவத்தை மனத்தில் கொண்டுபோக மாட்டார்கள். மலை ரயிலின் ஒவ்வொரு பெட்டியிலும் முன்மேடையில் நிற்கும் பிரேக்காரர்களைக்கூட எண்ணிச் சொல்லும் பிள்ளைகள் இங்கு இருக்கிறார்கள். அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு நாம் தயாராக இருக்கத்தான் வேண்டும்.

தங்கள் இணைப்பில் இத்தொடர் மேலும் வரவிருப்பதாக அறிவிக்கப்பட்டுள்ளது. அடுத்த கட்டுரையுடன், வண்ணப் புகைப்படத்தின் அளவைச் சற்றுக் குறைத்தேனும், ஐ.சி.எஃப். தங்கும் பெட்டி ஒன்றின் இருபக்கத் தோற்றங்களையும் அளவுகளுடன் வரைபடமாக வெளியிட்டால், ஆண்டைத் தேர்ந்தெடுத்துவிட்டுக் கையில் கத்தியுடன் காத்திருக்கும் வாசகர்களுக்கு மிகவும் பயன்படும். முடிந்தால் அந்த வரைபடத்தை எச்ஓ அளவிலேயே, அதாவது 245 மில்லிமீட்டர் நீளத்தில் அச்சிட வேண்டுகிறேன். தங்கள் நாளிதழின் பக்க அகலம் அதற்குத் தாராளமாகப் போதும்.

இப்படிக்கு,
மாதிரி ரயில் ஆர்வலர் ஒருவர்,
குன்னூர், நீலகிரி மாவட்டம்.