குரங்கு எப்போது வரும்?

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விட்டுக்கொள். உன் சோம்பேறித்தனம் எனக்குத் தெரியும். இங்கே எல்லாரும் சௌக்கியம். மாடிக் குழாய் மட்டும் மூன்றாம் தடவையாக ஒழுகுகிறது.

ஞாயிற்றுக்கிழமை பேரனோடு உட்கார்ந்து ராட்சதக் குரங்குப் படமான கிங் காங் பார்த்தேன். டெக் வாடகைக்கு எடுத்து உங்கள் வீட்டில் பார்த்தோமே, அந்த 1933 படம் இல்லை. 2005-இல் பீட்டர் ஜாக்சன் திரும்ப எடுத்தது. செலவு இருபது கோடி டாலருக்கு மேல். பழையதை ஏழு லட்சத்துக்குள் முடித்திருந்தார்கள். காசு எங்கே போனது என்பது திரையில் தெரிகிறது, ஆனால் நீளம்! மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறது. கப்பல் தீவுக்குப் போய்ச் சேர்வதற்குள் பேரன் இரண்டு தடவை முறுக்கு எடுத்து வந்துவிட்டான். "தாத்தா, குரங்கு எப்போ வரும்?" வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று.

வந்த பிறகு குறை சொல்ல முடியவில்லை. ஆண்டி செர்கிஸ் என்ற நடிகர் முகமெல்லாம் புள்ளி ஒட்டிக்கொண்டு நடித்ததைக் கணினியில் குரங்காக மாற்றியிருக்கிறார்கள். ருவாண்டாவுக்குப் போய்க் கொரில்லாக்களைப் பார்த்துவிட்டு வந்து நடித்தாராம். அந்தக் கண்களில் கிழட்டுச் சலிப்பு ஒன்று இருக்கிறது பார், நம் வயசுக்காரர்களுக்குத்தான் புரியும். நியூயார்க்கில் உறைந்த குளத்தின் மேல் கதாநாயகியைக் கையில் வைத்துக்கொண்டு வழுக்கி விளையாடும்போது பேரன் முறுக்கைக் கடிக்க மறந்துவிட்டான்.

எனக்கு ஒரு சந்தேகம். பழைய படத்தில் கதாநாயகி ஃபே ரே கடைசிவரை அலறிக்கொண்டேதான் இருப்பாள். காங் அவளுக்காக உயிரை விடுகிறது, அவளோ ஒரு தடவைகூட அன்பாகப் பார்க்கவில்லை. புதிதில் நவோமி வாட்ஸ் அதற்கு வித்தை காட்டிச் சிரிக்க வைக்கிறாள், கூடவே உட்கார்ந்து சூரிய அஸ்தமனம் பார்க்கிறாள். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் காங்குக்கு ஆறுதல் கிடைத்துவிட்டதே! பழைய காங் அனாதையாகச் செத்தது. எனக்கு அதுதான் அதிகம் வலிக்கிறது. நீ என்ன சொல்கிறாய்?

ஜாக்சன் ஒன்பது வயதில் பழைய படத்தைப் பார்த்து அழுதவராம். அவரே இதில் விமானத்தில் உட்கார்ந்து காங்கைச் சுடுகிறார்! பழைய படத்தின் இயக்குநர்கள் இருவரும் அதே மாதிரி விமானத்தில் ஏறியவர்கள்தான். அந்த மரியாதைக்குச் செய்திருப்பார். இருந்தாலும் அழுத பையன் கையிலேயே துப்பாக்கி என்பது ஒரு மாதிரி இருந்தது.

அப்புறம் இரவு பேரனுக்குப் பழைய படத்தில் கொஞ்சம் போட்டுக் காட்டினேன். அதில் காங் ஒன்றரை அடிப் பொம்மை, மேலே முயல் தோல். ஒவ்வொரு அசைவுக்கும் கையால் தொட்டுத் தொட்டு நகர்த்தி எடுத்ததில் விரல் பட்ட இடமெல்லாம் முடி கலைந்து, படம் ஓடும்போது சிலிர்த்துக்கொண்டே இருக்கும். அன்றைக்கு அதைக் கோபம் என்று நினைத்துத்தானே நீ கதவோரம் போய் உட்கார்ந்தாய்? பேரன் சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன். கிட்டப் போய்ப் பார்த்துவிட்டு, "அங்கே காத்து அடிக்குதா தாத்தா?" என்றான். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

கண் கட்டு பிரித்ததும் எழுது. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

உன்,
ராமநாதன்